ஐந்தாம் பாடம்: யாருடையது

பிப்ரவரி 21

வந்து சேர்ந்துவிட்டேன். கசான் விமான நிலையத்திலிருந்து இந்த ஊருக்குக் காரில் இரண்டு மணி நேரம். வழி முழுக்க வெள்ளை. வானமும் வயலும் ஒட்டிக்கொண்டு கிடந்ததில் கார் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. மருமகன் இல்னார் ஓட்டினான். அதிகம் பேசவில்லை. எனக்கும் அது சௌகரியம். பின்சீட்டில் மகள் கோகிலவாணி என் தோளில் சாய்ந்து தூங்கினாள். ஏழாம் மாதம். கம்பளிக் கோட்டுக்குள் வயிறு இருப்பதே தெரியவில்லை.

வந்த காரியத்தை முதல் நாளே எழுதிவைக்கிறேன். பிரசவம் முடிந்து, விமானத்தில் ஏறலாம் என்று டாக்டர் சொன்னதும், அவளையும் குழந்தையையும் எங்கள் ஊர் கோபிக்குக் கூட்டிப் போக வேண்டும். கொஞ்ச நாளைக்கு அல்ல. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 24

மர வீடு. ஜன்னல் சட்டங்களுக்கு நீலமும் வெள்ளையும் அடித்திருக்கிறார்கள். சமையலறை மூலையில் இரண்டு மரப்பெட்டிகளில் வைக்கோல் பரப்பித் தயாராக இருக்கிறது. அடுத்த மாதம் வாத்துகள் அதில் உட்கார்ந்து அடைகாக்குமாம். சாப்பாட்டு மேசைக்கு அருகிலேயே.

சம்பந்தியம்மாள் பெயர் ரம்சியா. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அகலமான முகம், பூப்போட்ட தலைத்துணி. எனக்குத் தாத்தார் மொழி தெரியாது என்பதை அவர் ஒரு தடையாகவே நினைப்பதில்லை. நாள் முழுக்க என்னோடு பேசுகிறார். மூன்று நிமிடம் பேசியதை இல்னார் ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னால், "தேநீர் வேண்டுமா என்கிறார்" என்று முடிந்துவிடுகிறது. நடுவில் எங்கேயோ நிறையத் தொலைகிறது.

என்னை "கொடகிய்" என்று கூப்பிடுகிறார். சம்பந்தியம்மா என்று அர்த்தமாம். அதற்கென்று தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறார்களே என்று சிறிது மதிப்பு வந்தது. வாணியை "கிஸிம்" என்கிறார். செல்லப் பெயர் போலிருக்கிறது.

முதல் குழந்தையைப் பற்றி யாரும் பேசவில்லை. இரண்டு வருடம் முன்பு, இதே வீட்டில், பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. என் விசா வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கூடத்தில் ஒரு சுவர் மட்டும் வெறுமையாக இருக்கிறது. அங்கே தொட்டில் இருந்திருக்க வேண்டும்.

மார்ச் 3

பனி. வாணியோடு மருத்துவமனைக்குப் போய் வந்தேன். அவள் டாக்டராக வேலை பார்க்கும் இடம்தான். எல்லா முடிவுகளும் சரியாக இருக்கின்றன. ரத்த அறிக்கையை நானும் வாங்கிப் பார்த்தேன். மண் பரிசோதனை நிலையத்தில் இருபத்துநான்கு வருடம் எண்களோடு உட்கார்ந்தவளுக்கு எண்கள்தான் நிம்மதி.

பகல் முழுக்க வேலை இல்லாமல் இருக்க முடியவில்லை. அதனால் போனில் தாத்தார் மொழிப் பாடம் ஒன்றை இறக்கிக்கொண்டேன். ஆரம்ப நிலை. ஒன்று முதல் நான்கு வரை வணக்கம், நன்றி, இது ரொட்டி, அது மரம்.

மார்ச் 9

ஐந்தாம் பாடம்: உடைமை.

என், உன் என்று முன்னால் சொன்னால் மட்டும் இங்கே போதாது. பொருளின் வாலிலும் ஆள் தொங்க வேண்டும். வீடு என்பது "ஒய்". என் வீடு என்றால் "மினெம் ஒயெம்". உன் வீட்டுக்கு வேறு வால், அவன் வீட்டுக்கு வேறு வால். முன்னால் வரும் "மினெம்" என்பதை விட்டுவிட்டால்கூடப் பரவாயில்லையாம். வால் போதும்.

என்னிடம் இருக்கிறது என்று சொல்ல "பார்". இல்லை என்று சொல்ல "யுக்". அவ்வளவுதான். ஆங்கிலத்தில் பேனாவையும் மகளையும் ஒரே வினையால் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். தமிழில் மகளை வைத்திருக்கிறேன் என்றால் அசிங்கமாகக் கேட்கும். எனக்கு மகள் இருக்கிறாள் என்போம். தாத்தாரிலும் அப்படித்தான். அவள் இருக்கிறாள். நாம் பக்கத்தில் நின்று சொல்கிறோம்.

மாதிரி வாக்கியம் கேட்டேன்: "மினெம் கிஸிம் பார்." எனக்கு மகள் இருக்கிறாள்.

கிஸிம் என்றால் என் மகள். செல்லப் பெயர் அல்ல.

மார்ச் 10

பாடம் படிக்கவில்லை. துணி மடித்தேன்.

மார்ச் 17

வாரம் ஒரு முறை எல்லோரும் "முன்சா"வுக்குப் போகிறார்கள். தோட்டத்துக் கடைசியில் இருக்கும் சின்ன மரக் குளியலறை அது. கல்லைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீர் ஊற்றினால் அறை முழுக்க ஆவி. இதுவரை ஏதேதோ காரணம் சொல்லித் தப்பித்தேன். இன்று ரம்சியா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போய்விட்டார்.

உள்ளே எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. இரண்டு வயதான உடம்புகள், பலகையில் எதிரெதிராக, ஆவிக்குள் பாதி கரைந்து. மண்ணெண்ணெய் விளக்குப் போல ஒரு மஞ்சள் வெளிச்சம். என் காலும் அவர் காலும் எது எதுவென்று ஒரு கணம் குழம்பியது. பிர்ச் இலைக் கட்டால் என் முதுகில் அடித்தார். வலிக்கவில்லை. ஈர மண் வாசனை வந்தது. நல்ல கரிமச் சத்துள்ள மண்.

பிறகு அவர் தன் வயிற்றைத் தொட்டு மெதுவாகப் பேசினார். எனக்காக, ஐந்தாம் பாடச் சொற்களாகப் பொறுக்கி எடுத்துப் பேசினார். என் பிள்ளை, இருந்தது. இல்லை. என் பிள்ளை, இருந்தது. இல்லை. பிறகு, இல்னார், இருக்கிறான்.

அவனுக்கு முன் இரண்டு போயிருக்கின்றன. மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை.

வெளியே வந்து பனியில் வெறும் கையோடு நின்றோம். எங்கள் மேலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது.

மார்ச் 26

அண்ணன் போன் செய்தார். மாடி அறைக்கு வெள்ளை அடித்தாயிற்றாம். ஜன்னலுக்குக் கொசுவலையும் போட்டாயிற்று. ஊஞ்சல் கொக்கியில் தூளி தாங்குமா என்று கேட்டேன். "உன்னையும் என்னையும் சேத்துத் தாங்கும் ஜெயா. புள்ளைய அங்க உட்டுப்போட்டு மட்டும் வந்துராத" என்றார்.

கோபியில் அந்த வீட்டைப் பெரிதாகக் கட்டியது வாணியின் அப்பா. அவர் போய் ஆறு வருடம். நான் கீழே ஒரு அறையில்தான் இருக்கிறேன். மற்ற அறைகளைப் பூட்டி வைத்தால் கரையான் வரும். ஆள் புழங்கினால் வீட்டுக்கு நல்லது. காரணம் அதுதான்.

ஏப்ரல் 1

வாத்துகள் பெட்டிகளில் உட்கார்ந்துவிட்டன. ஒன்று என்னைக் கண்டால் கழுத்தை நீட்டிச் சீறுகிறது. நேற்று ரம்சியா அதை எழுப்பி வெளியே விட்டார். முட்டைகள் சூட்டோடு கிடந்தன. ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். திரும்பி வந்த வாத்து அந்த ஒன்றை மட்டும் அலகால் புரட்டி மறுபடி அடியில் தள்ளிக்கொண்டது. தற்செயலாக இருக்கலாம்.

ஏப்ரல் 7

ஆற்றில் பனிக்கட்டி உடைகிறது. மதியம் வாணியோடு கரைக்கு நடந்தோம். பாளம் பாளமாக வெள்ளைத் தரை நகர்ந்து போகிறது. ஒரு பாளத்தின் மேல் யாரோ மீன் பிடிக்கப் போட்டு விட்டுப்போன நாற்காலி. அது யாருடையதும் இல்லாமல், உட்கார ஆள் தேடுவது போல் எங்களைக் கடந்து போயிற்று. வாணி சிரித்தாள். வெகு நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு.

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதிகாலையில் ஒரு கனவு. வீட்டுப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் வால் முளைத்திருந்தது. கரண்டி, செருப்பு, சீப்பு எல்லாம் வரிசையாக வந்து முகத்தைப் பார்க்கின்றன. எந்த வால் யாருடையது என்று எனக்கு ஞாபகம் வரவில்லை. அவை கோபப்படாமல் திரும்பிப் போயின.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. ஊரிலிருந்து கொண்டுவந்த சேமியாவில் பாயசம் வைத்தேன். ரம்சியா இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தார்.

அவர் கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போனபோது வாணியிடம் சொன்னேன். மாடி அறை, நல்ல மருத்துவமனை, அண்ணன், வெயில், எல்லாவற்றையும். இங்கே ஒரு முறை நடந்தது போதாதா என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. இல்னார் வேண்டுமானால் வந்து போகட்டும், கால்நடை டாக்டருக்கு எங்கே வேலை கிடைக்காது என்றேன்.

அவள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீ என்னைக் கூட்டிட்டுப் போக வந்தியா, இல்ல தனியாப் போக முடியாம வந்தியா?"

கேள்வியே சரியில்லை. பாயசத்தில் சர்க்கரை கொஞ்சம் குறைவு.

ஏப்ரல் 19

பெண் குழந்தை. காலையில். அழுதது எனக்கு வெளி வராந்தாவரை கேட்டது. தாய் நலம். எண்கள் எல்லாம் சரி.

ரம்சியா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். என் முகம் அவர் தோளில் எவ்வளவு நேரம் இருந்தது என்று நினைவில்லை. அவர் கோட்டில் வெண்ணெய் வாசனை.

ஏப்ரல் 22

இன்று வீட்டுக்கு வந்தார்கள். வெறுமையாக இருந்த சுவரோரம் தொட்டில் வந்துவிட்டது. ரம்சியா விரல் நுனியில் தேனும் வெண்ணெயும் தொட்டுக் குழந்தையின் உதட்டில் வைத்தார். நம் சேனை வைக்கிற மாதிரியேதான். டாக்டர் அம்மாவும் தடுக்கவில்லை, மண் டாக்டரும் தடுக்கவில்லை.

மாலைத் தேநீருக்கு என்னை உட்காரவைத்தார்கள். இல்னார் மிகவும் சங்கடப்பட்டான். அம்மா ஒன்று கேட்கிறார், முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிடலாம், என்றான்.

விஷயம் இதுதான். ரம்சியாவின் குடும்பத்தில், முன்னால் பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையை விற்றுவிடுவார்களாம். ஜன்னல் வழியாக வெளியே நிற்கும் ஒருத்தியிடம் கொடுப்பார்கள். அவள் என் பிள்ளை என்று சொல்லி வாங்கிக்கொள்வாள். பிறகு தாய் ஜன்னலுக்கு வந்து அதைத் திரும்ப வாங்க வேண்டும். இந்த வீட்டுப் பிள்ளையைத் தேடி வரும் கெட்டதுக்கு வழி தப்பிவிடும், இது வேறு யாருடைய பிள்ளையோ என்று போய்விடும். இல்னாரை அப்படித்தான் விற்றார்கள். முதல் குழந்தையின்போது ரம்சியா கேட்டிருக்கிறார். மருத்துவமனை இருக்கிறது, எதற்கு என்று எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவரும் சேர்ந்து சிரித்தாராம்.

இது எனக்குப் புதிது அல்ல. நம் பக்கமும் தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைகள் உண்டு. எங்கள் அலுவலகத்திலேயே தவிட்டப்பன் என்று ஒரு டிரைவர் இருந்தார். அதற்காக நான் அதை நம்ப வேண்டும் என்பதில்லை. குளிரில் பச்சைக் குழந்தையை ஜன்னல் வழியாக நீட்டுவதில் என்ன பலன் என்று கேட்டேன். போன முறை என்ன காரணம் என்று மருத்துவ அறிக்கையில் எழுதியிருக்கிறது, அதில் ஜன்னல் பற்றி ஒன்றும் இல்லை என்றேன். இல்னார் இதை மொழிபெயர்க்காமல் தேநீர் ஊற்றினான்.

வாணியைப் பார்த்தேன். "நீ டாக்டர்" என்றேன்.

"டாக்டர்தாம்மா. போன தடவையும் டாக்டராத்தான் இருந்தேன்."

அதற்குமேல் நான் வாதாடவில்லை. வாங்குவதற்குப் பக்கத்து வீட்டுப் பெண் யாராவது வருவாளா என்று கேட்டேன்.

ரம்சியா என்னைக் காட்டினார்.

பிறகு வெகு நேரம் பேசினார். இல்னார் இந்த முறை சுருக்கவில்லை, ஆனால் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். வாங்குகிறவளுக்குப் பிள்ளை நிஜமாகவே வேண்டியிருக்க வேண்டும். வேண்டாதவள் வாங்கினால் அது நாடகம். கெட்டதுக்கு அது தெரிந்துவிடும். இந்த ஊரில் எல்லோருக்கும் அவரவர் பிள்ளைகள் இருக்கின்றன. இந்தக் குழந்தையை எடுத்துக்கொண்டு போக நினைக்கிறவர் கொடகிய் ஒருவர்தான்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாக என்று கேட்கவில்லை.

இன்னொன்று உண்டு என்றான் இல்னார். திரும்பத் தரும்போது வாங்கியவள் ஒரு விலை கேட்பாள். அது எதுவானாலும் தாய் கொடுத்தே ஆக வேண்டும், மறுத்தால் விற்றது செல்லாது. வழக்கமாக உப்பு, முட்டை என்று கேட்பார்கள். இந்த இடத்தில் அவன் தன் அம்மாவிடம் குரலைத் தாழ்த்தி ஏதோ தடுத்துச் சொன்னான். அவர் கேட்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமோ கெஞ்சலோ அந்தப் பார்வையில் இல்லை. சந்தையில் நல்ல மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் பார்வை.

சரி என்றேன். ஏன் சொன்னேன் என்று எழுதப் போவதில்லை.

ஏப்ரல் 23

நாள் முழுக்க லேசான மழை. எங்கும் கூரையிலிருந்து சொட்டுகிறது. அண்ணனுக்குப் போன் செய்தேன். விமான டிக்கெட் எந்தத் தேதிக்கு என்று கேட்டார். நாளை சொல்கிறேன் என்றேன். நாளை தெரிந்துவிடும். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். வாணி வாக்கு மாறுகிறவள் அல்ல, அவள் அப்பாவைப் போல. மாட்டேன் என்று அவளால் சொல்ல முடியாது. குழந்தையின் உயிர் நடுவில் இருக்கிறது, அவள் நம்பினாலும் நம்பாவிட்டாலும்.

நான் நம்பவில்லை. ஆனால் விலை கேட்பதற்கு நம்பிக்கை தேவையில்லை.

ஏப்ரல் 24

மழை விட்டு மதியம் வெளுத்த வெயில் வந்தது. தோட்டத்தில் பாதி பனி, பாதி சேறு. என்னைக் கம்பளிக் கோட்டும் ரப்பர் பூட்ஸுமாகக் கூடத்து ஜன்னலுக்கு வெளியே நிறுத்தினார்கள். ஊர் முழுக்க ஓசையே இல்லை. மூடுபனி வேலிவரை வந்து நின்றிருந்தது. அதற்கு அப்பால் உலகம் இருப்பதாகவே தெரியவில்லை. நீல ஜன்னல், அதன் முன்னால் நான்.

ஜன்னல் திறந்தது. ரம்சியா போர்வைச் சுருளை இரு கைகளாலும் நீட்டினார். நான் வாங்கினேன். எவ்வளவு லேசு. அதே சமயம் தோள்வரை இழுக்கும் ஒரு கனம். முகம் மட்டும் வெளியே தெரிந்தது. கண்ணைத் திறந்து, பார்க்காமல் பார்த்தது.

"கெம் பாலாசி?" என்று ரம்சியா கேட்டார். யாருடைய பிள்ளை?

"மினெம்" என்றேன்.

இரண்டாம் முறை கேட்டார். சொன்னேன். மூன்றாம் முறை கேட்டார். அப்போது என் குரல் எனக்கே வேறாகக் கேட்டது. அது பாடத்தில் ஒப்பிக்கிற குரல் இல்லை. நிஜமாகவே என்னுடையது என்று தோன்றிவிட்டது. இப்படியே திரும்பி, சேற்றில் நடந்து, வேலி தாண்டி, பனிக்குள் போய்விடலாம். மாடி அறை, கொசுவலை, ஊஞ்சல் கொக்கி எல்லாம் அந்தப் பனிக்குள்ளேயே, பக்கத்திலேயே இருப்பதாகத் தோன்றியது. ஒரு அடி எடுத்து வைத்தேனா என்று தெரியவில்லை. பூட்ஸ் சேற்றில் புதைந்திருந்தது.

ரம்சியா விலகினார். வாணி ஜன்னலுக்கு வந்தாள். தலையைக் கட்டாமல், மேலே ஒரு மெல்லிய சால்வையோடு. முகம் வெளுத்து, உதடு காய்ந்து, கண்ணுக்குக் கீழே கருவளையம். பிடித்து நிற்பதற்காகச் சட்டத்தில் கை ஊன்றியிருந்தாள். குளிர்க் காற்று என் பின்னாலிருந்து நேராக அவள் மேல் வீசியது. அவள் கை முழுக்கப் புல்லரித்திருந்தது எனக்குத் தெரிந்தது.

தமிழில்தான் கேட்டாள். அவளையும் என்னையும் தவிர அங்கே யாருக்கும் புரியாது.

"என்ன வேணும்மா?"

போர்வை நுனியைக் குழந்தையின் நெற்றிவரை இழுத்துவிட்டேன்.

"எது கேட்டாலும் குடுக்கணும். எனக்குத் தெரியும். கேளு." அழவில்லை. தயாராக இருந்தாள். ஊசி போட்டுக்கொள்ளக் கையை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்ப்பாளே சின்ன வயதில், அந்த முகம்.

வாக்கியம் தயாராக இருந்தது. இரண்டு மாதமாக இருந்தது. வாயைத் திறந்தேன்.

"ஜன்னலைச் சாத்து" என்றேன். "பச்சை ஒடம்பு. குளுரு அடிக்குது பாரு."

அவள் புரியாமல் பார்த்தாள். "வெலை கேக்கறேம்மா."

"அதான் வெலை. வாங்கிக்க கண்ணு முதல்ல. வாங்கிட்டுச் சாத்து."

குழந்தையை நீட்டினேன். அவள் வாங்கும்போது எங்கள் கைகள் போர்வைக்கு அடியில் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. அவள் கை ஐஸ் மாதிரி இருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சாத்து" என்று மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. கொடுத்தே ஆக வேண்டிய விலை. சாத்தினாள். கொண்டி விழும் சத்தம் கேட்டது.

கண்ணாடியில் உடனே ஆவி படர்ந்துவிட்டது. உள்ளே நிறங்கள் மட்டும் அசைந்தன. சால்வையின் சிவப்பு, தலைத்துணியின் பூக்கள், அவற்றுக்கு நடுவே ஒரு வெள்ளை. நான் வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். கை மடித்தபடியே இருந்தது. பிறகு பூட்ஸைச் சேற்றிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்து, வீட்டைச் சுற்றி வாசலுக்கு நடந்தேன்.

உள்ளே ரம்சியா, நான் என்ன விலை கேட்டேன் என்று மகனை உலுக்காத குறையாக விசாரித்துக்கொண்டிருந்தார். அவனுக்குத் தமிழ் தெரியாது.